மலைப்பாதையில் ஓடும் பிக்கப்புக்கு டயர் அளவு பார்ப்பது எப்படி

கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி, மூட்டை பிடித்து, விடியும் முன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற பிக்கப்பாக இருக்கட்டும், பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குகிற பிக்கப்பாக இருக்கட்டும், டயர் மாற்றும் நாள் வந்தால் கடையில் கிளம்புகிற பேச்சு ஒன்றுதான்: "இதே அளவா, இல்ல கொஞ்சம் பெருசா போட்டுக்கலாமா?" பெரிய டயர் பார்க்க எடுப்பாக இருக்கும், மேடு பள்ளத்தில் அடி தட்டாது, லோடு தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. அடி தட்டாது என்பது மட்டும் ஓரளவு உண்மை. லோடு தாங்குவதற்கும் டயரின் உயரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இறக்கத்தில் பெரிய டயர் வண்டிக்குப் பாரம்தான்.

மலையில் டயருக்கு உண்மையான சோதனை இறக்கத்தில்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. நடுவில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலை. 3,000 கிலோ எடையுள்ள வண்டி இந்த 1,900 மீட்டரை இறங்கி முடிக்கும்போது கிட்டத்தட்ட 15 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி எங்கேயாவது வெப்பமாகப் போயே ஆக வேண்டும். இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், எதிர்க்காற்று கொஞ்சம். மிச்சம் அத்தனையும் பிரேக் டிரம்முக்கும், அதை மூடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்), டயருக்கும் வந்து சேரும். அளவு பார்க்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

டயர் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

215/75 ஆர்15 என்று இருந்தால், 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது சைடு உயரம். அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். மொத்த உயரம் வேண்டுமென்றால் 15 அங்குலத்தை மில்லிமீட்டராக்கி (381), மேலும் கீழுமாக இரண்டு சைடையும் கூட்டுங்கள். 381 கூட்டல் 322.5, ஆக 703.5 மி.மீ.

145 ஆர்12, 185 ஆர்14, 195 ஆர்15 போன்ற சின்ன லாரி டயர்களில் நடு எண் இருக்காது. அங்கே சைடு உயரம் அகலத்தில் 80 முதல் 82 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 185 ஆர்14 உத்தேசமாக 650 மி.மீ. உயரம் வரும். 7.00 ஆர்15 என்பது பழைய அங்குலக் கணக்கு. 7 அங்குல அகலம், உயரம் ஏறக்குறைய 745 மி.மீ. இந்த அளவு பெரும்பாலும் ட்யூபும் ஃபிளாப்பும் (ட்யூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே போடும் ரப்பர் பட்டை) போட்டு ஓடுகிற டயர்.

அளவுக்குப் பின்னால் 106/103 மாதிரி இரண்டு எண்களும் ஒரு எழுத்தும் வரும். அந்த எண்தான் லோடு இண்டெக்ஸ். முதல் எண் ஒற்றை டயருக்கு, இரண்டாவது எண் பின்னால் ஜோடியாக மாட்டும் டயருக்கு. எழுத்து, வேகத்துக்கான குறி: 'என்' என்றால் 140 கி.மீ., 'க்யூ' 160, 'ஆர்' 170. மலையில் இந்த எழுத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. எண்ணைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கதவைத் திறங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கரோ தட்டோ இருக்கும். வண்டிக்கு உரிய டயர் அளவு, முன்பின் காற்றளவு, பல வண்டிகளில் லோடு இல்லாதபோதும் லோடோடும் வைக்க வேண்டிய காற்று, எல்லாம் அதில் உண்டு. அழிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் பிக்கப்பிலேயே லோடு தாங்கும் திறனுக்கேற்ப இரண்டு மூன்று வகை உண்டு. வகைக்கு வகை டயர் அளவும் வேறு, டிஸ்க்கும் வேறு. ஆகவே பக்கத்து வீட்டு வண்டியில் இருக்கிற அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டியென்றால், இப்போது மாட்டியிருக்கும் டயரின் அளவையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய ஓனர் என்ன மாற்றினாரோ யாருக்குத் தெரியும்?

தட்டில் இருக்கும் அளவோ, உங்கள் வகை வண்டிக்குக் கம்பெனியே அனுமதித்த மாற்று அளவோ, இந்த இரண்டோடு நின்றுகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிறுத்தும்போது ஆய்வாளர் டயரைப் பார்ப்பார். 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் அந்தப் பரீட்சை உண்டு. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாலும் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான்.

ஒரு சுற்றுப் பெரிதாக்கினால் என்ன ஆகும்

215/75 ஆர்15 இருக்கும் வண்டியில் 235/75 ஆர்15 மாட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பாருங்கள். 235-இல் 75 சதவீதம் 176. இரண்டு பக்கமும் சேர்த்து 352.5, அதோடு 381. மொத்தம் 733.5 மி.மீ. பழைய டயரைவிட 30 மி.மீ. உயரம், 4.3 சதவீதம் அதிகம். அடித்தளத்துக்குக் கிடைக்கும் லாபம் இதில் பாதிதான், 15 மி.மீ. உங்கள் சுண்டு விரல் அகலம். எமரால்டு பக்கத்துத் தோட்டப் பாதையில் கல் தட்டுகிற ஹவுசிங் (ஆக்சில் நடுவில் தொங்கும் குண்டு), அந்தச் சுண்டு விரல் உயரத்தால் தப்பித்துவிடப் போவதில்லை.

அந்த 15 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். டயர் உயர்ந்தால் இன்ஜின் கொடுக்கும் அதே முறுக்கு விசை சாலையில் 4 சதவீதம் குறைந்த இழுவையாகத்தான் இறங்கும். 3,000 கிலோ வண்டியில் இது 120 கிலோ கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். அதாவது 50 கிலோ மூட்டை இரண்டுக்கு மேல், காசு வராத லோடு. கல்லட்டி ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சை மிதித்து மிதித்து ஏறும் வண்டிக்கு இது நன்றாகவே தெரியும். கிளட்ச் தட்டு அதற்குரிய ஆயுசுக்கு முன்பே தேயும்.

இறக்கத்தில் கதை இன்னும் மோசம். மலைப்பாதை முழுக்க "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று போர்டு வைத்திருப்பது இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும் என்றுதான். பெரிய டயர் மாட்டினால் அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், பிடிப்பு குறையும். குறைந்த பிடிப்பும் பெரிய ஆரத்தின் வழியாகச் சாலையை அடையும்போது இன்னொரு முறை குறையும். பிரேக்குக்கும் இதே நிலைதான். அதே அழுத்து அழுத்தினால் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 4 சதவீதம் கம்மி. ஓட்டுநர் தன்னை அறியாமல் கூடுதலாக மிதிப்பார். பர்லியார் வரும்போது லைனிங் வாடை மூக்கில் ஏறும்.

ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். 40 காட்டினால் உண்மையில் 41.7. மலையில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஏறும். ஆயில் மாற்றும் 10,000 கி.மீ. வரும்போது வண்டி உண்மையில் 10,430 ஓடியிருக்கும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்கிற புகாரில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை.

அளவு மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால் (உங்கள் அளவு கிடைக்காமல் போவது உண்டு) மொத்த உயரம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 185 ஆர்14-க்குப் பதில் 195 ஆர்14 போட்டால் 650-லிருந்து சுமார் 666 ஆகும், 2.5 சதவீதம். உயரக் கணக்கில் இது தேறும். கம்பெனி அனுமதியும் லோடு இண்டெக்ஸும் சரியாக இருந்தால் போடலாம். உயரம் குறைவதும் கூடாதா என்று கேட்பீர்கள். ஏற்றத்தில் இழுவை கூடும், இறக்கத்தில் இன்ஜின் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சின்ன டயரில் தாங்கும் எடையும் பொதுவாகச் சின்னது. லோடு வண்டிக்கு அது சரிப்படாது.

அளவு ஒன்று, ஆனால் டயர் இரண்டு

அதிகம் ஏமாறுகிற இடம் இது. 215/75 ஆர்15 என்று எழுதிய டயர் ஜீப் வகைப் பயணிகள் வண்டிக்கும் வரும், பிக்கப்புக்கும் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவு இம்மி பிசகாது. ஆனால் முன்னது 100 என்ற இண்டெக்ஸோடு வரும் பயணிகள் டயர். 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ. அதையும் லோடு வண்டியில் மாட்டும்போது 1.10 ஆல் வகுக்க வேண்டும் என்பது டயர்த் தொழிலின் விதி. ஆக 727 கிலோ. பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 1,454 கிலோ.

பிக்கப்புக்கான எல்டி (லைட் டிரக்) டயரில், அதே அளவில், 6 பிஆர் (ப்ளை ரேட்டிங்) என்றால் 100/97, அதாவது 800 கிலோ. 8 பிஆர் என்றால் 106/103, அதாவது 950 கிலோ. அதுவும் 65 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான். பின் ஆக்சில் 1,900 கிலோ தாங்கும் என்று தட்டில் போட்டிருக்கும் வண்டிக்கு 8 பிஆர் மட்டுமே பொருந்தும். பயணிகள் டயரை மாட்டினால் 446 கிலோ பற்றாக்குறை. விலை கம்மியாக இருக்கிறதே என்று ஜீப்பிலிருந்து கழற்றிய டயரைப் பின்னால் மாட்டி ஓட்டுகிற வண்டிகள் வெடிப்பது இதனால்தான். ஓட்டுநர் பழியைச் சாலை மேல் போடுவார்.

8 பிஆர் என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துப் பருத்தி நூல் அடுக்குகளை வைத்துச் சொன்ன பலத்தின் பெயர் அது. இன்று இரண்டு மூன்று அடுக்கிலேயே அந்தப் பலத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

லோடு இண்டெக்ஸ் சில நினைவில் இருந்தால் கடையில் கை கொடுக்கும்: 90 என்றால் 600 கிலோ, 97 என்றால் 730, 102 என்றால் 850, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. பார்க்கும் முறை எளிது. தட்டிலோ ஆர்.சி.யிலோ இருக்கும் பின் ஆக்சில் எடையை எடுத்து இரண்டால் வகுங்கள். வரும் எண்ணுக்குக் குறையாத இண்டெக்ஸ் வேண்டும். கம்பெனி கொடுத்திருந்த இண்டெக்ஸுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். ஒரு படி மேலே போனால் தவறில்லை.

மலையில் ஏன் இவ்வளவு கறார்? சமதரையில் நிற்கும் எடை வளைவில் அப்படியே நிற்பதில்லை. 3,000 கிலோ வண்டி, 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் 21 கி.மீ. வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடையின் மையம் தரையிலிருந்து 90 செ.மீ., சக்கர இடைவெளி 1.4 மீட்டர் என்றால், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு 550 கிலோவுக்கு மேல் சாய்கிறது. வெளிப்பக்கம் இருப்பது இரண்டே டயர். ஆளுக்கு 280 கிலோ கூடுதலாகச் சுமக்கும். கேபினுக்கு மேலே வரை முட்டைக்கோஸ் மூட்டை அடுக்கினால் மையம் உயர்ந்து, சாய்கிற எடையும் கூடும். வளைவில் கொஞ்ச நேரம் கூடும் இந்தப் பாரத்தைத் தாங்கத்தான் டயரைச் செய்கிறார்கள். ஆனால் நிற்கும்போதே வரம்பைத் தாண்டிய டயருக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதும். கல்லட்டியில் இப்படி 36 வளைவு.

டிஸ்க்கும் இடைவெளியும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குல அகல டிஸ்க்கில்தான் உட்கார வேண்டும் என்று வரம்பு உண்டு. 215/75 ஆர்15-க்கு 5.5 முதல் 7 அங்குலம். 235/75 ஆர்15-க்கு 6 முதல் 8. உங்கள் டிஸ்க்கின் முகத்திலோ உள்பக்கத்திலோ 5.5ஜே × 15 என்று அடித்திருந்தால் 235 அதில் உட்காரக் கூடாது. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஓடவும் ஓடும். ஆனால் விளிம்பு குறுகி நடுப்பகுதி பல்லியின் வயிறு மாதிரி உப்பும். சைடு ஆடும், வளைவில் வண்டி ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிற மாதிரி இருக்கும், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்) நடுவில் மட்டும் தேயும்.

ட்யூப் டயருக்கான டிஸ்க்கில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் இல்லாமல் மாட்டுவது தற்கொலை. ட்யூப்லெஸ் டிஸ்க்கின் உட்புற விளிம்பில் ஒரு சின்னத் திட்டு ஓடும். வளைவில் டயரின் விளிம்பு நழுவி உள்ளே விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். விரலால் தடவினாலே தெரியும். அது இல்லாத டிஸ்க்குக்கு ட்யூப்தான்.

அளவில் எந்த மாற்றம் செய்தாலும், நான்கையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு டயரைக் கடையிலேயே முன் சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். டயரின் இரண்டு தோள் ஓரத்திலும் சாக்பீஸால் அடர்த்தியாக வளையம் போடுங்கள். வண்டியில் வழக்கமாக ஏற்றும் எடையில் பாதியாவது இருக்கட்டும். காலியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கச் சக்கரத்தை நாலு அங்குலக் கட்டை மேல் மெதுவாக ஏற்றி, ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று முழுவதுமாகத் திருப்பி, அப்படியே இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே உருட்டுங்கள். பிறகு கட்டையை இந்தப் பக்கச் சக்கரத்துக்கு மாற்றி மறுபடியும். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறது, மட்கார்டிலோ சேசிஸ் ஓரத்திலோ எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஊரில் ஓட்டும்போது ஸ்டீயரிங் கடைசி வரை திரும்புவது அபூர்வம். கொண்டை ஊசியில் ஒவ்வொரு முறையும் திரும்பும். பின்னால், டயரின் உள்பக்கத்துக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாகப் போக வேண்டும். லோடில் சைடு உப்பும்போது அந்த இடைவெளி இன்னும் குறையும். சேறு அப்பிய நாளில் அதுவும் இருக்காது.

பட்டன்

அளவுக்கு அடுத்தபடி இதில்தான் பணத்தைப் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சி பக்கம் மழை விடாது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். ஈரத் தார்ச்சாலைதான் வருடத்தில் பாதி. அந்தச் சாலைக்கு நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் பட்டனோ, ஓரத்தில் வெட்டுள்ள கலவைப் பட்டனோ ஏற்றது. மண்டிக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நான்கும் ரிப் போதும். தோட்டத்துக்குள் இறங்கிச் செம்மண் சேற்றில் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு, முன்னால் ரிப், பின்னால் பாதிக் கட்டைப் பட்டன் என்று வைத்துக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தும் ஏற்பாடு. முழுக் கட்டைப் பட்டன் சேற்றில் ராஜா. ஆனால் ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பாசி படிந்த வளைவிலும், யூகலிப்டஸ் இலை ஊறிக் கிடக்கும் நிழல் ரோட்டிலும் இதை அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சேற்றுக்கு அகல டயர் நல்லது என்பார்கள். மணலுக்கு அது சரி. நம் மலைச் சேறு மேலே நாலு விரல் குழம்பு, அடியில் கெட்டி. ஒல்லி டயர் குழம்பை அறுத்துக்கொண்டு கெட்டியைப் பிடிக்கும், அகல டயர் மேலேயே மிதக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் அகல டயரோடு நாள் முழுக்க வளைவு திருப்பினால் தோள்பட்டை தனியாகப் பேசும்.

தேய்மானத்துக்குச் சட்டம் சொல்லும் எல்லை 1.6 மி.மீ. சைடில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே பட்டன் பள்ளத்துக்குள் ஒரு திட்டு. பட்டன் அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மலைக்கு அது வரை காத்திருக்க வேண்டாம், 3 மி.மீ.யில் மாற்றிவிடுங்கள். கடைசி 1.4 மி.மீ. ரப்பரில் மிச்சமாகும் பணம் ஒரு மழைக்காலத்துக்குக்கூட வராது. முன் டயரின் வெளித்தோள் மட்டும் முதலில் தேய்வது மலை வண்டிக்குச் சகஜம். வளைவில் உராய்வதால் வருவது. அலைன்மெண்ட் ஒருமுறை பார்த்துவிட்டு, 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வேறு பட்டன் போட்டிருந்தால் இடது வலது மட்டும் மாற்றலாம், டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இல்லை என்றால்.

காற்று: மேலே ஒன்று, கீழே ஒன்று

மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி வெயிலில் 65 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஊட்டிக்கு வந்தால், 14 டிகிரி குளிரில் மானி எவ்வளவு காட்டும்? உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் மானி சுமார் 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஆனால் குளிரில் உள்காற்று சுருங்கி 5 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். கூட்டிக் கழித்தால் 63 சொச்சம். கவலையில்லை. காரில் 35 பிஎஸ்ஐ அடிப்பவர்களுக்கு இரண்டும் கழிந்து அப்படியே 35 நிற்கும். "மலை ஏறினால் காற்றைக் குறைக்கணும்" என்ற பேச்சுக்குக் கணக்கில் இடமில்லை.

தலைகீழாகப் போகும்போதுதான் கவனம் வேண்டும். ஜனவரி உறைபனி விடியலில், 5 டிகிரியில், ஊட்டியில் 65 அடித்துக்கொண்டு இறங்கினால் மேட்டுப்பாளையத்தின் 34 டிகிரியில் அது 70. ஓட்டத்திலும் டிரம் சூட்டிலும் இன்னும் ஏறும். அங்கே பஞ்சர் கடையில் நிறுத்தி, "ஜாஸ்தியா இருக்கு" என்று சூட்டோடு காற்றைத் திறந்துவிடுவதுதான் பெரிய தவறு. டயர் ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும், மறுபடி லோடு ஏற்றினால் சைடு மடிந்து சூடாகும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, எந்த ஊரில் லோடு ஏற்றுகிறீர்களோ அந்த ஊரில், தட்டில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும். டயரின் சைடில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு தட்டில் இருப்பதுதான்.

காலியாகத் திரும்பும் வண்டி பின்னால் லோடு காற்றோடே ஏறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். ஈர வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். நாள் முழுக்கக் காலியாக ஓட வேண்டியிருந்தால் தட்டில் இருக்கும் காலி அளவுக்கு இறக்குங்கள். ஒரு நடைக்காக இறக்க வேண்டாம். மறுநாள் ஏற்ற மறந்துவிடுவீர்கள்.

வாங்கும்போது

சைடில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஒரு வருடத்துக்குள் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். "ஸ்டாக் பீஸ், விலை குறைச்சு தர்றேன்" என்பது பெரும்பாலும் மூன்று வருடம் மூலையில் கிடந்த டயர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். லோடு வண்டி டயருக்கு ஐ.எஸ். 15636 என்ற எண் வரும், பயணிகள் டயருக்கு 15633. ஜீப் டயரா, பிக்கப் டயரா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கடைசி இலக்கமே சொல்லிவிடும்.

ஒரு ஆக்சிலில் ரேடியலும் நைலானும் கலக்கக் கூடாது, வேறு வேறு பட்டனும் கூடாது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். ஈர இறக்கத்தில் முன் சக்கரம் வழுக்கினால் திருத்த வாய்ப்புண்டு, பின் பக்கம் சுழன்றால் கிடையாது. ரீட்ரெட் செய்த டயரை முன்னால் மாட்டவே வேண்டாம். நாலு சக்கர இழுவை உள்ள பிக்கப் என்றால் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

ஸ்டெப்னியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான்கையும் அளவு மாற்றிவிட்டுப் பழைய அளவு ஸ்டெப்னியைத் தொங்கவிட்டிருக்கும் வண்டிகள் ஏராளம். பஞ்சரான அன்று பின்னால் ஒரு பக்கம் 733, மறுபக்கம் 703 மி.மீ. உயரத்தில் டயர் சுற்றினால், நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் பற்கள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்னிக்கும் அதே அளவு, அதே பிஆர். மாதம் ஒருமுறை அதிலும் காற்றுப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிரே இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் வரிசையாக அடித்துவிட்டால் டிஸ்க் கோணலாக உட்காரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும், அதாவது மேட்டுப்பாளையம் போய்த் திரும்பியதும், டிரம் ஆறிய பிறகு ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நட்டாவது கால் சுற்று வாங்கும்.